செக்கிழுத்த வ.உ.சி.யும் சிறைவாசிகளின் உரிமையும்

(மல்லாங்கிணற்றில் ஜும்ஆவுக்கு முன் நிகழ்த்தப்பட்ட தமிழ் உரையின் எழுத்து வடிவம்)



 எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

சென்ற இரண்டு ஜும்ஆக்களில் சூரத்து யூசுஃபைப் பார்த்து வந்தோம். ஒரு குற்றமும் செய்யாத நபி யூசுஃப் (அலை) அவர்கள் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார்கள். விடுதலையான ஒருவரிடம், மன்னரிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியே போன மனிதர் மறந்துவிட்டார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள் சகோதரர்களே. உள்ளே இருப்பவர் வெளியே இருக்கும் ஒருவருடைய ஞாபகத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் அதே நிலைதான்.

இன்று யூசுஃப் நபியின் வரலாற்றை மேலும் விரிக்காமல், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். இங்கிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி ரோட்டில் இரண்டு மணி நேரம் போனால் ஒட்டப்பிடாரம். அந்த ஊரில் 1872 செப்டம்பர் 5ல் பிறந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். கப்பலோட்டிய தமிழர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கப்பல் ஓட்டியதை எல்லோரும் படிக்கிறோம். அதற்குப் பிறகு சிறையில் அவருக்கு நடந்ததை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறோம். அந்த ஒரு வரியைத்தான் இன்று விரித்துப் பேச வேண்டும்.

அவருடைய தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். மகனும் பிளீடர் பரீட்சை எழுதி 1895ல் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். தகப்பனார் வசதியுள்ளவர்களுக்கு வாதாடினார். மகன் கூலிக்காரர்களுக்கும் சம்சாரிகளுக்கும் வாதாடினார். பலரிடம் கட்டணமே வாங்கவில்லை. போலீஸ் போட்ட வழக்குகளை உடைத்தார். லஞ்சம் வாங்கிய சப்-மாஜிஸ்திரேட்டுகள் மூவர் மீதான குற்றத்தை நிரூபித்தார். இப்படி இருந்தால் உள்ளூர் அதிகாரிகள் சும்மா விடுவார்களா? பகை வளர்வதைப் பார்த்துத்தான் தகப்பனார் 1900ல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் சிறைக்குப் போன இந்த மனிதர், அதற்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஏழைகளைச் சிறைக்குப் போகாமல் காத்துக்கொண்டிருந்தவர்.

1906ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். கம்பெனித் தலைவராக இருந்தவர் நம் மாவட்டத்துப் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். நம் சமுதாயத்து இளைஞர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பெயர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். அவர் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஐந்தில் ஒரு பங்கு! அந்தக் காலத்து 2 லட்சம் என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்கிற அளவுக்கு இறங்கியது.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. விடிவதற்கு முன்னே உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வரும் வேலை. வார விடுமுறை கிடையாது. சிறு பிள்ளைகளும் வேலை செய்தார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் பிள்ளைகளை ஏற்றிப் போக விடிகாலையில் ஊர் ஊராக வண்டி வந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அந்தத் தொழிலாளர்களோடு நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். விபின் சந்திர பாலர் என்ற வங்காளத் தலைவர் 1908 மார்ச் 9ம் தேதி சிறையிலிருந்து விடுதலையானார். அதைக் கொண்டாடக் கூட்டம் போடக் கூடாது என்றார்கள், வ.உ.சி. போட்டார். மார்ச் 12ல் கைது. ஒரு சிறைவாசி வெளியே வந்ததைக் கொண்டாடப் போய், இவர் உள்ளே போனார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணை முடிய, ஜூலை 7ல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரச விரோதமாகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு இடமும் உதவியும் கொடுத்ததற்கு இன்னொரு 20 ஆண்டு தீவாந்தர தண்டனை. கொலையில்லை, கொள்ளையில்லை. பேச்சுக்கும், நண்பனுக்குச் சோறு போட்டதற்கும் இந்தத் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. பிறகு சரியாகவே இல்லை. தண்டனை ஒருவருக்குத்தான் எழுதப்படுகிறது; குடும்பமே அதை அனுபவிக்கிறது. மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கோயம்புத்தூர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவரை அரசியல் கைதியாக நடத்தவில்லை. தலையை மழித்து, முரட்டுத் துணி கொடுத்து, காலில் இரும்பு மாட்டினார்கள். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றச் சொன்னார்கள். பேனா பிடித்த கை, தோல் உரிந்து ரத்தம் வந்தது. சரி, இந்த வேலை வேண்டாம் என்று மாற்றினார்கள். எதற்கு மாற்றினார்கள் தெரியுமா? எண்ணெய்ச் செக்குக்கு. நம் ஊர்ச் செக்கில் மாடு கட்டி ஆட்டியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கும் கண்ணைக் கட்டி, நடுவில் அவிழ்த்துவிட்டுத் தண்ணி காட்டுவார்கள். அந்த மாடு நிற்க வேண்டிய இடத்தில், வெயிலில், ஒரு வக்கீலை நிறுத்திச் சுற்றவிட்டார்கள். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை சென்னை போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கல்லின் பருமனைப் பார்த்தால் அதன் பிறகு நாம் அதிகம் பேச மாட்டோம்.

வெயிலும் எண்ணெயும் என்றதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் ஒரு வழியாகப் போகிறார்கள். சிலரை வெயிலில் நிற்க வைத்துத் தலையில் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். என்ன காரணம் என்று விசாரித்தார்கள். வரி கட்டவில்லை என்றார்கள். அவர்கள் முஸ்லிம்களும் அல்ல. ஹிஷாம் (ரலி) அவர்கள் நமக்கென்ன என்று போகவில்லை. நேராக அங்கிருந்த ஆளுநரிடம் போனார்கள். இவ்வுலகில் மக்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துச் சொன்னார்கள். ஆளுநர் அந்த மக்களை விட்டுவிட உத்தரவிட்டார். ஆட்சி நம் கையில் இருந்தபோது, நம் அதிகாரிகள் செய்த தவறை நம் ஆளே தட்டிக்கேட்ட சம்பவம் இது. அதனால்தான் இதற்கு மதிப்பு அதிகம். அடுத்தவன் சிறையை விமர்சிப்பது சுலபம்.

கோவைச் சிறையில் வ.உ.சி. இரண்டரை ஆண்டு இருந்தார். உடம்பு இளைத்தது. வாய் மட்டும் அடங்கவில்லை. மனுவுக்கு மேல் மனு எழுதிக்கொண்டே இருந்தார். நான் கைதிதான், ஆனாலும் சட்டம் எனக்கும் உண்டு என்பதே அவர் நிலை. சக கைதிகள், கொலைக்கும் திருட்டுக்கும் வந்தவர்கள், அவரை மரியாதையோடு நடத்தினார்கள். அதிகாரிகளுக்கு அதுவே ஆத்திரம். செக்குச் சுற்றிய கையாலேயே ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். 1910 டிசம்பரில் கண்ணூர் சிறைக்கு மாற்றினார்கள். சிறையில் பட்டதையெல்லாம் செய்யுளாக எழுதி வைத்தார். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான் அது புத்தகமாக வந்தது. சிறைவாசி தன் கதையைத் தானே எழுதியதால்தான் உள்ளே நடந்தது நமக்குத் தெரிகிறது. அதே சுவருக்குள் எழுதப் படிக்கத் தெரியாமல் செக்குச் சுற்றியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

சிவாவின் கதை இன்னும் கொடுமை. சிறையில் அவருக்குத் தொழுநோய் தொற்றியது. வெளியே வந்த பிறகு, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதித்தார்கள். ஊர் ஊராக நடந்தார். 1925 ஜூலை 23ல் பாப்பாரப்பட்டியில் காலமானார். நீதிபதி அவருக்கு எழுதிய தண்டனையில் தொழுநோய் இல்லை. இது சட்டம் தெரியாத நமக்கும் புரிய வேண்டிய விஷயம். ஒருவருடைய நடமாட்டத்தைத் தடுப்பதுதான் தண்டனை. அதற்கு மேல் அடியோ, பட்டினியோ, மருந்தில்லாத நோயோ வந்தால் அது எந்த நீதிமன்றமும் சொல்லாத தண்டனை.

வ.உ.சி. 1912 டிசம்பர் 24ல் வெளியே வந்தார். கைதானபோது ஊரே திரண்டு கடையை அடைத்தது. வந்தபோது அந்தக் கூட்டம் இல்லை. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911ல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சொந்த ஜில்லாவில் இருக்க முடியாமல் மனைவி மீனாட்சி அம்மாளோடும் பிள்ளைகளோடும் சென்னையில் வாடகை வீடுகளில் குடியிருந்தார். மண்ணெண்ணெயும் அரிசியும் விற்றுப் பார்த்தார், வியாபாரம் வரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காக வசூலித்த 347 ரூபாய்ச் சொச்சம் காந்திஜி மூலமாக வர வேண்டியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய நிலைக்கு அந்த மனிதர் ஆளானார். லட்சக்கணக்கில் பங்கு திரட்டியவர்!

சிறையிலிருந்து வந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம்? நம் மஹல்லாவில் ஒருவர் தண்டனை முடிந்து வந்தால், அவருக்கு வாடகைக்கு வீடு தருவோமா? பட்டறையில் வேலை தருவோமா? அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போவோமா? கேட்டுக்கொள்ளுங்கள். வ.உ.சி.க்கு வக்கீல் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற ஒரு வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஒரு வெள்ளைக்கார நீதிபதி சிறைக்கு அனுப்பினார். இன்னொருவர் பிழைப்பைத் திருப்பிக் கொடுத்தார். இருவரையும் அவர் ஒரே தராசில் போடவில்லை. பிறகு பக்கத்தில் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். கடைசியில் தூத்துக்குடிக்கே திரும்பி, 1936 நவம்பர் 18ல், தன் விருப்பப்படி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் விட்டார். வயது 64.

கோவில்பட்டி என்றதும் உங்களில் பலருக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சாத்தான்குளத்தில் தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இரவெல்லாம் அடி. மறுநாள் ரிமாண்ட். கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைத்தார்கள். 22ம் தேதி இரவு மகன் மௌத். சில மணி நேரத்தில் தகப்பனும். ஏழைக்கு வாதாடிய வ.உ.சி. கறுப்பு கோட்டு போட்டு நடந்த ஊரில், வெள்ளைக்காரன் போய் 70 ஆண்டுகள் கழித்து நடந்தது இது. அதன் பிறகாவது நின்றதா? 2025 ஜூனில் பக்கத்து சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணோம் என்று ஒருவர் கொடுத்த புகாருக்காகக் கோயில் காவலாளி இளைஞர் ஒருவரை விசாரணைக்கு எடுத்தார்கள், உயிரோடு திரும்பவில்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அவர்கள் கிறிஸ்தவர்கள், இவர் இந்து என்று நாம் ஒதுங்க முடியாது. பூனையைக் கட்டிப்போட்டுத் தீனியும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் போனாள் என்று ஹதீஸில் படிக்கிறோம். அடைத்து வைத்தவர்தான் அடைபட்டதற்குப் பொறுப்பு என்ற சட்டம் அதற்குள்ளே இருக்கிறது. பூனைக்கே அப்படி என்றால்?

நம் மார்க்கத்தில் சிறை இருந்தது. இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் எப்படி இருந்தது? பத்ருக் கைதிகளுக்கு ஸஹாபாக்கள் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டப்பட்டிருந்த அப்பாஸ் அவர்களின் முனகலைக் கேட்டு நபி (ஸல்) அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் போய் அவருடைய கட்டைத் தளர்த்தினார். சிறிய தகப்பனாருக்கு மட்டும் சலுகையா? எல்லாக் கைதிகளுடைய கட்டையும் தளர்த்தச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஹாரூன் ரஷீத் காலத்தில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் எழுதிய கிதாபுல் கராஜைப் பாருங்கள். கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சை எடுக்க விடுவதைக் கண்டித்தார்கள். பெயர் எழுதி, ஆளுக்கு மாதம் 10 திர்ஹம் கையில் கொடுங்கள் என்றார்கள். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று காரணமும் சொன்னார்கள். குளிர்காலத்துக்கு ஒரு உடை, கோடைக்கு ஒரு உடை. வாரிசில்லாமல் சிறையில் இறந்தவருக்குக் கஃபனும் அடக்கமும் பைத்துல்மால் செலவில். சிறைச் சீர்திருத்தம் என்று இன்று பேசுவதெல்லாம் 1,200 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்ததை நம் சுல்தான்கள் எல்லோரும் நடத்திக் காட்டினார்களா என்றால், இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபாவின் சிறையில் அடி வாங்கினார்கள். அதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

வ.உ.சி.யை அடைத்தபோது நடப்பிலிருந்தது 1894ம் ஆண்டுச் சிறைச் சட்டம். சுதந்திரம் வந்தும் அந்தச் சட்டம் போகவில்லை. நீதிமன்றங்கள்தான் அங்கங்கே உடைத்தன. திகார் சிறையில் வார்டன் ஒருவர் சக கைதியைச் சித்திரவதை செய்ததை சுனில் பத்ரா என்ற கைதி ஒரு கடிதமாக எழுதிப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்தது. கைதியும் மனிதன்தான், அரசியல் சட்டம் சிறை வாசலில் நின்றுவிடாது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார் நீதிபதி கிருஷ்ணய்யர். அவர் கேரளாவின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையைப் பார்த்தவர், வ.உ.சி. இருந்த கண்ணூர் சிறையும் அவர் பொறுப்பில் இருந்ததுதான். அதற்கு முன் 1948ல் அவரே சிறைக்குள் இருந்தார். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதும் தீர்ப்புக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. 2024 அக்டோபர் 3ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. சாதி பார்த்துக் கூட்டுகிற வேலை, சமைக்கிற வேலை என்று பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2024 வரைக்கும்!

நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த பையன் ஒருவனைப் பார்க்க நான் ஒரு கிளைச்சிறைக்குப் போனேன். மனு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, காலையிலிருந்து சாப்பிடவில்லை, மடியில் ஒரு பன் பாக்கெட். மகனுக்கு ஜாமீன் கிடைத்து இருபது நாள் ஆகிவிட்டதாம். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். வீட்டு வரி ரசீதோடு கையெழுத்துப் போட ஊரில் யாரும் வரவில்லை. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற குடும்பம். உள்ளே அவனுக்கு அடி விழுந்ததா என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை; பன்னை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அன்று ஜாமீன்தாரராக நிற்கவில்லை. வெளியூர்க்காரன், எனக்கு எதற்கு என்று வந்துவிட்டேன். யூசுஃப் நபியை மறந்த அந்த மனிதரைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு என்ன தகுதி என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஆகவே சகோதரர்களே, சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் கைது செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். பயத்தில் பேசாமல் இருப்பதால்தான் பல வழக்குகள் கெடுகின்றன. முதன்முறையாக வழக்கில் மாட்டியவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், பி.என்.எஸ்.எஸ். 479ம் பிரிவில் விடுதலை கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. மற்ற வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகையில் தடை வரும், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே வராதவரைப் பற்றிச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்குச் சிறை அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

ஜக்காத்தில் அடிமைகளை மீட்பதற்கு ஒரு பங்கை அல்லாஹ் வைத்திருக்கிறான். அபராதத்துக்கும் பிணைத்தொகைக்கும் அதை எந்த அளவுக்குச் செலவிடலாம் என்பதில் உலமாக்களிடம் பேச்சு இருக்கிறது; அதை ஆலிம்களிடம் தனியாகக் கேட்போம். ஸதகாவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கும் முன்னால் காசே கேட்காத ஓர் உதவி இருக்கிறது. வழக்கு என்ன, ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரித்துவிட்டு, ஜாமீன்தாரராக நிற்க முன்வருகிற, சொந்த வீடும் வரி ரசீதும் உள்ளவர்கள் பத்துப் பேர் நம் மஹல்லாவில் வேண்டும். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. தொழுகை முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.